ஃபுல் டாங்க் வியாதி

ஒரே வாரத்தில் எங்கள் வீட்டு வண்டிகள் இரண்டும் நின்றுபோயின.

ஒன்று பெற்றோல், மற்றது மின்சாரம். ஒன்றுக்கு வந்த நோய் மற்றதற்குத் தொற்ற வழியே கிடையாது. இருந்தும் இரண்டும் பேசி வைத்தது போல…

முதலில் நின்றது என்னுடையது. கொழும்பில், வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில் எங்கள் ஃப்ளாட். ஞாயிறு காலை மீன் வாங்கக் கிளம்பி, கீழே பார்க்கிங்கில் மோட்டார் சைக்கிளை உதைத்தேன். இருமியது. மறுபடி உதைத்தேன். இருமலும் நின்றது. டாங்க் மூடியைத் திறந்து பார்த்தால் பெற்றோல் கழுத்து வரை நிற்கிறது. மேலே பல்கனியில் ஒருவர் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து நின்றார். பக்கத்துப் பல்கனிக்கும் ஆள் வந்தது. ஒரு மனிதன் கிக்கர் உதைப்பதை ஓசியில் பார்ப்பதென்றால் யாருக்குத்தான் கசக்கும்?

அந்த நேரம் பார்த்து என் மனைவி சுகந்தி தன் மின்சார ஸ்கூட்டரில், சத்தமே இல்லாமல், என் பக்கத்தில் வந்து நின்றாள். மீனைத் தான் வாங்கி வருவதாகவும் நான் ஆறுதலாக உதைக்கலாம் என்றும் சொல்லிவிட்டுப் போனாள். போகும்போது சிரித்த சிரிப்பு இருக்கிறதே… சரி, விடுங்கள்.

மூன்று நாள் கழித்து அவளுடையது நின்றது. அதில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

சுகந்தியும் அவளுடைய அக்காவும் நகரின் மறுமுனையில் கொட்டாஞ்சேனையில், அக்கா வீட்டு முன் அறையில், சாரி பிளவுஸ் தைக்கிறார்கள். அக்கா வெட்டுவார், இவள் தைப்பாள். கலியாணச் சீசனில் இருவருக்கும் மூச்சு விட நேரமிருக்காது. பிள்ளைகள் படித்து வெளிநாடு போன பிறகு, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த வீட்டில் இருந்து அவளை வெளியே கொண்டுவந்தது அந்த முன் அறைதான். அந்த அறைக்குப் போக வழி காட்டியது இந்த ஸ்கூட்டர்தான். வாழ்க்கையில் முதன்முதலாக அவள் தானே ஓட்டிய வண்டி.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வரும்போது காலிமுகத்திடல் சுற்றுவட்டத்தின் நடுவே அது நின்றுவிட்டது. டிஸ்பிளேயில் நாற்பது சொச்சம் வீதம் சார்ஜ் காட்டியதாம். பிறகு ஒரேயடியாகச் சைபர். பின்னால் பஸ்கள் ஹோர்ன் அடிக்க, ஒரு பொலிஸ்காரர் ஓடி வந்து வண்டியை ஓரத்துக்குத் தள்ளிவிட்டிருக்கிறார். எனக்கு போன் எடுத்தபோது அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“நாற்பது காட்டினது. பிறகு செத்துப்போச்சு” என்றாள். அவ்வளவுதான்.

சின்ன லொறி ஒன்று பிடித்து வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அடுத்த நாள் அவள் பஸ்ஸில் போனாள். புறக்கோட்டையில் இறங்கி, மாறி, இரண்டு கையிலும் துணிப் பைகளோடு. அதற்கடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் கால் வீங்கிவிட்டது. அக்கா போனில் ஒரு யோசனை சொன்னார்: பக்கத்து வீதியில் நன்றாகத் தைக்கும் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள், அவளை மெஷினில் இருத்தலாம், சுகந்தி வீட்டில் இருந்தபடி கொக்கி, ஹெம் வேலைகளைச் செய்யலாம். அக்கா நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் கொக்கி தைப்பதற்காகவா இவள் இவ்வளவு தூரம் வந்தாள்?

“இனி ஸ்கூட்டர் வேண்டாமப்பா. நம்பேலாத சாமானில ஏறிப்போய் நடுறோட்டில நிக்க என்னால ஏலாது.”

இந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. பயமாகக்கூட இருந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பழைய சுகந்தியை எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஆனால் பயத்துக்குப் பின்னால் ஒரு கேள்வியும் அரித்துக்கொண்டே இருந்தது. என் வண்டி ஃபுல் டாங்கில் நின்றது. அவள் வண்டி ஒவ்வொரு நாளும் ஃபுல் சார்ஜில் புறப்படுகிற வண்டி. பட்டினியால் விழுந்தவனைப் பார்த்திருக்கிறோம். இரண்டு பேர் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு விழுந்தால்?

கொம்பனித்தெருவில் ரிஸ்வான் நானாவின் கராஜ். நானாவும் நானும் ஏறக்குறைய ஒரே வயது. என் வண்டியைப் பல காலமாக அவர்தான் பார்க்கிறார். காபரேட்டரைக் கழற்றி அடிக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினார். பழைய வார்னிஷ் போல மண்ணிறத்தில் ஏதோ பிசின் ஒட்டியிருந்தது. மணமும் பெற்றோல் மணமாக இல்லை.

எப்போது அடித்த பெற்றோல் என்று கேட்டார். எனக்கே தெரியவில்லை. ஸ்கூட்டர் வந்த பிறகு கடைக்கும் கோயிலுக்கும் சுகந்தியின் பின்னால் ஏறிப் போகப் பழகிவிட்டேன். வேலைக்குக் கரையோர ரெயில். மோட்டார் சைக்கிள் மாதத்தில் ஒன்றிரண்டு நாள் வெளியே வந்தால் அதிகம். ஆனால் வந்தால் முதல் வேலையாகப் பெற்றோல் ஷெட்டுக்குப் போய், குறைந்த கொஞ்சத்தை நிரப்பிவிட்டுத்தான் மறுவேலை. புதுப் பெற்றோல் மேலே மேலே விழ, பழையது கீழே கிடந்து ஊறியிருக்கிறது.

“டாங்க் நிறைய ஈந்தா உள்ளுக்கு துரு புடிக்காது, அது சரிதான். ஆனா ஓட்டணுமே சேர்” என்றார் நானா. “நீங்க இத ஊறுகாயில்லியா போட்டு வெச்சீக்கிறீங்க.”

நாட்டில் எண்ணெய் இல்லாத காலத்தில் நாங்கள் எல்லோரும் பெற்றோல் லைனில் நின்றவர்கள்தானே, அந்தப் பழக்கம் என்று நான் சமாளித்தேன். அவர் கராஜின் பின்பக்கம் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். அங்கே, பழைய டயர்களுக்குப் பின்னால், வாய் வரை நிரப்பிய கேன்கள் வரிசையாக நின்றன. இருவரும் கொஞ்ச நேரம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவர் பழைய பெற்றோலை வடித்து, காபரேட்டரைக் கழுவி, பிளக்கை மாற்றி, சங்கிலிக்கு எண்ணெய் விட்டார். எஞ்சின் எண்ணெயை மட்டும் தொடவில்லை. அதை நான் வண்டி ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் தவறாமல் மாற்றிவிடுவேன். டாங்கில் கொஞ்சம் புதுப் பெற்றோல் ஊற்றி அனுப்பினார். ஸ்கூட்டரைப் பற்றிக் கேட்டேன். கையை விரித்துவிட்டார். திறந்து பார்க்க ஆசைதான், ஆனால் எதைத் தொட்டால் எது அடிக்கும் என்று தெரியாது என்றார்.

ஆகவே லொறி பிடித்து, ஸ்கூட்டர் விற்ற இடத்தின் சர்வீஸ் சென்டருக்குப் போனோம். அங்கே நிரோஷா என்று ஹட்டன் பக்கத்துப் பெண் ஒருத்தி லப்டொப்பைச் செருகிப் பார்த்தாள். நானும் சுகந்தியும் ஆஸ்பத்திரி வாங்கில் முறைக்குக் காத்திருப்பது போல் இருந்தோம். புதுப் பற்றரி என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது. அவ்வளவு காசுக்கு இன்னொரு ஸ்கூட்டரே வாங்கலாம்.

ஆனால் அவள் முதலில் பார்த்தது பற்றரியை அல்ல. பின் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டாள். அது சுற்றவில்லை. அரைச் சுற்றிலேயே நின்றது. பிரேக் விடாமல் உரசிக்கொண்டிருக்கிறது. கடற்காற்றின் உப்பு இறுக்கிவிட்டது. டயரிலும் காற்றுப் போதாது. அதாவது இவ்வளவு காலமும் சுகந்தி பிரேக்கைப் பிடித்தபடியே கொட்டாஞ்சேனைக்குப் போய் வந்திருக்கிறாள்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. என் வண்டியில் இப்படி இருந்தால் தள்ளும்போதே கண்டுபிடித்திருப்பேன். இது மின்சார வண்டி என்பதால் குனிந்துகூடப் பார்க்கவில்லை. மின்சார வண்டிக்கு ஏது பராமரிப்பு, எண்ணெயா, பிளக்கா, சுவரில் செருகினால் சரி… என்று நானே நாலு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். தன்னைச் சுற்றுவது பெற்றோலா மின்சாரமா என்று டயருக்கு எப்படித் தெரியும்?

அடுத்துத்தான் பற்றரி. நிரோஷா லப்டொப்பைப் பார்த்தபடி, எப்படிச் சார்ஜ் போடுவீர்கள் என்று கேட்டாள். சுகந்தி கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்: வீட்டுக்கு வந்து ஹெல்மெட்டைக் கழற்ற முதல் செருகிவிடுவாள், விடியும் வரை கிடக்கும். கொட்டாஞ்சேனையில் அக்கா ஜன்னல் வழியாக வயர் இறக்குவார், வேலை முடியும் வரை கிடக்கும். எழுபதுக்குக் கீழே ஒருநாளும் இறங்க விட்டதில்லை.

“அப்படின்னா அன்னிக்கு நாப்பது ஆகுற வரைக்கும் எப்படி விட்டீங்க?”

அன்று கொட்டாஞ்சேனையில் கரண்ட் இல்லை.

நிரோஷா தலையாட்டினாள். பற்றரி சாகவில்லை. மீற்றர்தான் கணக்கை மறந்துவிட்டது. கொஞ்சம் இறங்கும், உடனே ஏற்றுவோம், கொஞ்சம் இறங்கும், உடனே ஏற்றுவோம். அடி எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியவே இல்லை. பிரேக் வேறு தின்ன, நாற்பது என்று அது காட்டியது வெறும் ஊகம். எப்போதும் நூறில் வைத்திருப்பது இந்த லித்தியம் பற்றரிக்குக் கூடாது, சூட்டில் சீக்கிரம் கிழடாகிவிடும் என்றாள். பழைய ஈயப் பற்றரி வைத்த ஸ்கூட்டர்களுக்குக் கதை வேறாம், அவற்றைக் குறைய விடக்கூடாதாம். உள்ளே போய்த் தன் மேலதிகாரியிடம் ஒருமுறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு வந்து, மருந்தைச் சொன்னாள்.

“ஒருக்கா பத்து வரைக்கும் எறங்க விடுங்க அக்கா. அப்புறம் கொஞ்சம் ஆறவிட்டு, ஃபுல்லா போடுங்க. மீட்டர் சரியாயிடும்.”

“பத்தோ?” என்றாள் சுகந்தி. பிறகு திரும்பும் வழியெல்லாம் பேசவில்லை.

ஏன் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் சொல்ல வேண்டும்.

அந்த எரிபொருள் வரிசைக் காலம். ஒரு மத்தியானம் கொட்டாஞ்சேனையில் இருந்து அக்கா போன் எடுத்தார். அவருக்குத் தொய்வு நோய், மூச்சு எடுக்க முடியவில்லை, பேச்சும் வரவில்லை. என் மோட்டார் சைக்கிளில் ஒரு சொட்டு இல்லை. சந்தியில் நின்ற ஓட்டோக்காரர்கள் எல்லோரும் வெறும் டாங்கைக் காட்டினார்கள். பஸ் இல்லை. நாங்கள் நடந்தோம். வெள்ளவத்தையில் இருந்து கொட்டாஞ்சேனைக்கு, வெயிலில், பாதி ஓட்டமும் பாதி நடையுமாக. சுகந்தியின் செருப்பு வார் கொள்ளுப்பிட்டியில் அறுந்தது. அவள் குனிந்து எடுக்கவும் இல்லை. போய்ச் சேர்ந்தபோது அயலவர்கள் அக்காவைத் தள்ளுவண்டியில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அக்கா பிழைத்துக்கொண்டார். ஆனால் அன்றைக்குப் பிறகு எங்கள் வீட்டில் எதுவும் குறைந்ததில்லை.

காஸ் சிலிண்டர், பால்மா, மெழுகுதிரி, போன் சார்ஜ்… எல்லாம் ஃபுல். உங்கள் வீட்டையும் ஒருமுறை சுற்றிப் பாருங்களேன். வரிசைகள் எப்போதோ முடிந்துவிட்டன. நாம்தான் இன்னும் வரிசையை விட்டு வரவில்லை.

ஆகவே பத்து வீதம் என்பது சுகந்திக்கு ஒரு எண் அல்ல. அது அந்த மத்தியானம்.

பிரேக் சரியாகி ஸ்கூட்டர் வீடு வந்தது. ஒரு நாள் அவள் அதைப் பார்க்கிங்கில் சும்மா பார்த்துவிட்டு பஸ்ஸுக்குப் போனாள். சனிக்கிழமை என்ன நினைத்தாளோ, அதை எடுத்துக்கொண்டு போனாள். அங்கே முழுக்க அல்ல, கொஞ்சம்தான் சார்ஜ் போட்டாள், திரும்பி வந்தும் செருகவில்லை. ஐம்பத்து சொச்சத்தில் நின்றது. சாப்பிடும்போது இரண்டு தடவை எழும்பிப் பல்கனிக்குப் போய் ஸ்கூட்டரை எட்டிப் பார்த்தாள்.

ஞாயிறு கொட்டாஞ்சேனைக்குப் போய் அங்கே செருகாமல் திரும்பினால் கணக்குச் சரி என்றேன். தனியாகப் போக வேண்டாம், நான் பின்னால் வருகிறேன்.

“உங்கட வண்டி நிண்டா?”

“என்ர வண்டி இப்ப புதுசு மாதிரி. நீர் பயப்பிடாமல் போம்” என்றேன். இந்த வாக்கியத்தைத் தயவுசெய்து ஞாபகத்தில் வைத்திருங்கள்.

காலையில் கிளம்பினோம். போகும் வழியில் ஒரு தடவையும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. டிஸ்பிளேயை மட்டும் பார்த்துக்கொண்டு போனாள். கொட்டாஞ்சேனையில் ஹோர்ன் அடிக்க முதலே அக்கா ஜன்னலைத் திறந்து, பழக்க தோஷத்தில், வயரைக் கீழே இறக்கினார். வயரின் முனை ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் வந்து ஆடியது. சுகந்தி அதைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். இங்கேயே செருகிவிட்டால் எல்லாம் முடிந்தது, பிறகு வீட்டில் இருந்து கொக்கி தைக்கிற வேலைதான்.

“வேண்டாமக்கா, எடுங்கோ” என்றாள். சொல்லியே விட்டாள்.

திரும்பும்போது காலிமுகத்திடல் சுற்றுவட்டத்தை இருபத்தெட்டில் கடந்தாள். வண்டி செத்துப்போன அதே இடம். கொள்ளுப்பிட்டியில் இருந்து மரைன் டிரைவில் இறங்கினோம். ஒரு பக்கம் கடல், தண்டவாளம். ஞாயிற்றுக்கிழமை, வாகனம் குறைவு. அவள் இப்போது கொஞ்சம் நிமிர்ந்து ஓட்டினாள். நானும் சந்தோஷத்தில் கியரை மாற்றினேன்.

என் வண்டி நின்றுவிட்டது.

பெற்றோல் மீற்றரைப் பார்த்தேன். முள் ஃபுல்லில் நிற்கிறது. தட்டினேன். அசையவில்லை. வருடக்கணக்கில் அதே இடத்தில் நின்று, அங்கேயே இறுகிவிட்டது போலும். சரி, ரிசர்வ் இருக்கிறதே என்று கீழே கையை விட்டுப் பெற்றோல் குழாயின் திருகைத் திருப்பப் போனேன். அது ஏற்கெனவே ரிசர்வில்தான் கிடந்தது. நானா வடித்தபோது திருப்பியது. முள்ளை நம்பி ஷெட்டுக்கும் போகாமல், அவர் ஊற்றிய கொஞ்சத்தில் அடிமட்டம் வரை ஓட்டி முடித்திருக்கிறேன். எழுபதுக்குக் கீழே இறக்காத மனைவியின் மீற்றர் பொய் சொல்கிறது என்று லொறி பிடித்துக் கொண்டுபோய்க் காட்டிய மனிதன் நான். என் மீற்றரை யார் பார்த்தது?

சுகந்தி வெகுதூரம் போய்விட்டாள். போகட்டும், அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும் என்று வண்டியைத் தள்ளத் தொடங்கினேன். கொஞ்ச நேரத்தில் எதிரே அவள். கண்ணாடியில் என்னைக் காணாமல் திருப்பிக்கொண்டு வந்திருக்கிறாள். டிஸ்பிளேயில் பத்தொன்பது.

சார்ஜை வீணாக்க வேண்டாம், வீட்டுக்குப் போம் என்றேன். அவள் என் மீற்றரைப் பார்த்தாள். ஃபுல். என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பழைய ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்பு திரும்பி வந்தது.

“ஏறி இருங்கோ. ஹாண்டிலை நேரா பிடியுங்கோ.”

கொழும்பில் நின்றுபோன மோட்டார் சைக்கிளை இன்னொரு வண்டிக்காரர் பின்னால் வந்து, அதன் கால்மிதியில் தன் காலை வைத்துத் தள்ளிக்கொண்டு போவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சட்டத்துக்கும் புத்திக்கும் ஒவ்வாத வேலை, தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். ஆனால் அன்று சுடிதார் போட்ட என் மனைவி தன் வலது காலை நீட்டி, மின்சார வண்டியால் பெற்றோல் வண்டியைத் தள்ளிக்கொண்டு, மரைன் டிரைவில் வெள்ளவத்தை வரை வந்தாள். கரையோர ரெயில் ஒன்று பக்கத்தில் போனது. வாசலில் தொங்கியவர்கள் கை தட்டினார்கள். நான் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்வது?

காலி வீதிப் பெற்றோல் ஷெட்டில் ஒரு வண்டிகூட இல்லை. பம்படியில் இருந்தவர் எங்களுக்காகவே காத்திருந்தவர் போல எழும்பி வந்து, ஃபுல் டாங்கா என்று சிங்களத்தில் கேட்டார். என் வாய் பழக்கத்தில் ஓம் என்று திறந்தது. அதற்குள் சுகந்தி பதில் சொல்லிவிட்டாள், அதுவும் சிங்களத்தில்: பாதி போதும்.

வீட்டுக்கு வந்தபோது டிஸ்பிளேயில் பதினொன்று. வண்டி நிற்கவில்லை. திங்கட்கிழமை அதில்தான் கொட்டாஞ்சேனைக்குப் போனாள். பக்கத்து வீதிப் பிள்ளை இப்போது கொக்கி தைக்கிறாளாம்.

ஆனால் எனக்குப் பெரிய விஷயம் அதுவல்ல. அந்த ஞாயிறு பார்க்கிங்கில் அவள் இறங்கியதும் கை தானாகச் சார்ஜர் பிளக்கை நோக்கிப் போனது. பாதியில் நின்றது. ஆறவிடச் சொன்னார்களே. ஹெல்மெட்டைக் கழற்றினாள். மேலே வந்தாள். தேத்தண்ணி ஊற்றினாள், எனக்கும் ஒன்று. பல்கனியில் இருந்து கடைசி மிடறு வரை குடித்தாள், கீழே எட்டிப் பார்க்காமல். பிறகுதான் இறங்கிப் போய்ச் செருகினாள்.

குசினியில் நிற்கும் அந்த இரண்டு ஃபுல் காஸ் சிலிண்டர்களைப் பற்றி மட்டும் நான் இன்னும் வாய் திறக்கவில்லை.